குஃப்ரி ஸ்வர்ணாவின் பூர்வீகம்

நீலகிரியின் கேத்திப் பள்ளத்தாக்கில் ஒரு விவசாயி, வாடி நின்ற உருளைச் செடியை வேரோடு பிடுங்கி மண்ணை உதறிக் காட்டினார். வேரெங்கும் கடுகைவிடச் சிறிய மணிகள்; சில வெள்ளை, சில பொன் மஞ்சள். முட்டைக்கூடு நூற்புழுவின் பெண்கள் அவை. செத்ததும் உடல் பழுப்பு ஓடாக இறுகிவிடும். உள்ளே நூற்றுக்கணக்கான முட்டைகள், இருபது ஆண்டுகூட மண்ணில் உயிரோடு கிடக்கும். அருகே உருளை வேர்விட்டால் போதும், அந்த வேரின் கசிவை உணர்ந்து குஞ்சுகள் கிளம்பிவிடும்.

அதே மண்ணில், அடுத்த பாத்தியில் குஃப்ரி ஸ்வர்ணா ரக உருளை செழித்து நின்றது. இந்த எதிர்ப்புச் சக்தி அதற்கு எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினேன்.

நீலகிரியில் இந்தப் புழுவை 1961இல் முதன்முதலில் கண்டறிந்தவர் ஜோன்ஸ் என்ற இங்கிலாந்து நூற்புழுவியலாளர். உதகை விஜயநகரத்துப் பண்ணையில். ஸ்வர்ணா வெளிவந்தது 1985இல், சிம்லாவிலுள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து. அதன் பெற்றோரில் ஒன்று, நம் மலைக்காரர்கள் நன்கறிந்த குஃப்ரி ஜோதி. மற்றதற்குப் பெயரே இல்லை. (விடிஎன்)2 62-33-3 என்ற எண் மட்டுமே. அது நெதர்லாந்தில் உருவான வரிசை. அதில் ‘வி’ என்பது சொலானம் வெர்னை, வடமேற்கு அர்ஜென்டினாவின் மலைச்சரிவுகளில் தானாக முளைக்கும் காட்டு உருளை. ‘டி’ நாம் உண்ணும் உருளை.

தேடலில் என்னை அதிகம் நிறுத்திவைத்த இடம் இதுதான். நூற்புழுவின் தாயகமும் அதே ஆண்டிஸ் மலைத்தொடர். நோயும் மருந்தும் ஒரே மண்ணில் பிறந்தவை. காட்டுச் செடி புழுவை நேரடியாகக் கொல்வதுமில்லை, உள்ளே வரவிடாமல் தடுப்பதுமில்லை. குஞ்சு வேருக்குள் புகுந்து, தனக்கு உணவூட்டும் செல்களை உருவாக்கிக்கொள்ளப் பார்க்கும். எதிர்ப்புச் சக்தியுள்ள வேரில் அந்தச் செல்கள் சரியாக வளராது. பெண்ணாக வளரத் தீனி நிறைய வேண்டும். கிடைக்காவிட்டால் பெரும்பாலும் ஆணாகிவிடும், அல்லது மடியும். பெண் இல்லையென்றால் முட்டை இல்லை. வயலில் புழுவின் எண்ணிக்கை பருவத்துக்குப் பருவம் குறையும். மருந்துக்குச் செலவழிக்க முடியாத, ஒன்றிரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்கு இதைவிடப் பெரிய துணை ஏது?

நீலகிரியில் இருப்பது ஒரு புழு அல்ல, இரண்டு இனம். ஆண்டிஸின் நாட்டு உருளையிலிருந்து எடுத்த எச்1 என்ற ஒற்றை மரபணு, ஒரு இனத்தின் சில வகைகளை மட்டும் தடுக்கும்; மற்ற இனத்துக்கு வழி திறந்துவிடும். இரண்டையும் சமாளிக்கத்தான் வெர்னை தேவைப்பட்டது. பின்கருகல் நோய் வேறு இருக்கிறது. அதைத் தாங்கும் என்று 1968இல் வந்த ஜோதியே நாளடைவில் அந்த வலிமையை இழந்தது. 2010இல் வந்த குஃப்ரி நீலிமா, நூற்புழு, பின்கருகல் இரண்டையும் மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டது.

ரகம் இருந்தும், பல தோட்டங்களில் இன்னும் ஜோதிதான். ஒரு ஏக்கருக்கு ஏறத்தாழ ஒரு டன் விதைக்கிழங்கு வேண்டும். அதை மலையிலேயே, புழு இல்லாத மண்ணில் பெருக்கியாக வேண்டும். அடுத்த ரகத்துக்கான ஆராய்ச்சிக்கு ஒதுக்கும் அதே அக்கறையோடு அந்த விதைப் பண்ணைகளுக்கும் அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.