தலை தட்டின அளவு

கொல்லிமலையில், செம்மேட்டுக்குப் பக்கத்தில், ஒரு பெரியவர் வீட்டுத் திண்ணையில் பழைய வள்ளம் ஒன்று கிடந்தது. "இதில் எத்தனை கிலோ பிடிக்கும், பெரியவரே?" என்று கேட்டுவைத்தேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "எந்தத் தானியம், சாமி? ராகிக்கு ஒரு கணக்கு, சாமைக்கு ஒரு கணக்கு. தலை தட்டி அளக்கறதா, கோபுரமா அளக்கறதா, அதை முதல்லே சொல்லுங்க."

அந்த மலை ஜனங்களை மலையாளிகள் என்பார்கள். கேரளத்துக்காரர்கள் அல்ல; தமிழ் பேசுகிறவர்கள். முன்னோர்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்து குடியேறியதாக அவர்களுக்குள் ஓர் ஐதிகம் உண்டு. வந்தவர்களிடம் யாரும் அத்தாட்சி கேட்டதாகக் கதையில் இல்லை.

இன்று உலகமெல்லாம் கேட்கிறார்கள். எந்த நாடு வந்தவர்களை எப்படி நடத்துகிறது என்று அளக்கவும் அறிஞர்கள் கிளம்பியிருக்கிறார்கள். 'மிப்பெக்ஸ்' என்று ஓர் அளவுகோல். ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகளின் கொள்கைகளைப் பரிசோதித்து நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடுகிறது. வேலை, பள்ளிக்கூடம், குடியுரிமை என்று ஏகப்பட்ட கேள்விகள். நல்ல காரியந்தான். ஆனால் சட்டப் புத்தகத்தை அளப்பதும் வாசலில் நடப்பதை அளப்பதும் ஒன்றாகிவிடுமா?

ஆஸ்திரேலியா 1901-இல் ஒரு சட்டம் செய்தது. வெள்ளையர் அல்லாதாரைத் தடுக்கத்தான்; ஆனால் நிறத்தைப் பற்றி அதில் பேச்சே இல்லை. வருகிறவர் ஐரோப்பிய மொழி ஒன்றில் 50 வார்த்தை, சொல்வதை எழுத வேண்டும், அவ்வளவே. எந்த மொழி என்பது அதிகாரியின் இஷ்டம்! 1934-இல், வேண்டாதவராகிவிட்ட எகான் கிஷ் என்ற பத்திரிகையாளருக்குப் பல பாஷைகள் தெரிந்திருந்தபடியால், ஸ்காட்லாந்து கேலிக்கில் பரீட்சை வைத்தார்கள். (கோர்ட்டு அதைச் செல்லாது என்றது, வேறு விஷயம்.) 1958 வரை அந்தப் பரீட்சை இருந்தது.

இலங்கைக் கதை நமக்கு இன்னும் நெருக்கம். 1948-ஆம் வருஷத்துக் குடியுரிமைச் சட்டத்தில் தமிழர் என்று பிரித்துச் சொல்லவில்லை. அந்த மண்ணில் பிறந்தவரும், தகப்பனார் அங்கே பிறந்தவர், அல்லது பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும். எல்லாருக்கும் ஒரே விதி, தலை தட்டின அளவு. லயத்தில் பிறந்த அப்பனுக்கு யார் சீட்டு எழுதி வைத்தார்கள்? லட்சக்கணக்கான தோட்டத் தொழிலாளர் நாடற்றவர் ஆனார்கள்.

1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் உட்கார்ந்து 9,75,000 பேர் என்று கணக்குப் போட்டார்கள். 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு. அந்த ஜனங்களைக் கலந்து பேசவில்லை. மிச்சம் 1,50,000 பேர் பத்து வருஷம் எந்தக் கணக்கிலும் சேராமல் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். 1974-இல் இரண்டு அரசுகளும் அவர்களை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டன.