தோற்க ஒரு வருஷம்

டீச்சர், போலீஸ், நர்ஸ், டிரைவர். என்ன ஆகப் போகிறாய் என்று எங்கள் ராமாபுரத்துப் பத்தாம் வகுப்பில் கேட்டால் இந்த நான்கில் ஒன்று வரும். கொஞ்சம் மார்க் வாங்குகிற பிள்ளை ‘டாக்டர்’ என்று ஐந்தாவது ஒன்றைச் சேர்த்துக்கொள்ளும். ‘கலெக்டர்’ என்பது பேச்சுப் போட்டி மேடைக்கு மட்டும். பிள்ளைகளுக்கு ஆசை குறைவு என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. மாதச் சம்பளத்தோடு ஊரில் நடமாடுகிறவர்கள் இவர்கள்தான். பார்க்காத வேலைக்கு எப்படி ஆசைப்படுவது?

நான் உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுப்பவன். பாடம் கன்னடத்தில். பிள்ளைகளில் பலர் வீட்டில் பேசுவது தமிழ். பாடத்தோடு சேர்ந்து என் தலையில் தானாக வந்து விழுந்த இன்னொரு வேலை உண்டு. எஸ்.எஸ்.எல்.சி. முடிக்கிறவர்களை எங்கே அனுப்புவது என்று வீடு வீடாகப் பேசி ஒரு முடிவுக்குக் கொண்டுவருவது. இதற்கு ஆர்டரும் கிடையாது, அலவன்ஸும் கிடையாது. ஆனால் பாடம் நடத்துவதைவிட இதில்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன்.

ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. கொள்ளேகாலிலிருந்து ஹனூர் தாண்டி, மாதேஸ்வரன் மலைக் காட்டுப் பக்கம் இருக்கிறோம். 1956 வரை கொள்ளேகால் தாலுகா சென்னை ராஜ்யத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. மாநிலங்கள் பிரிந்தபோது மைசூர் மாவட்டத்துக்கு வந்தது. 1997இல் சாமராஜநகர் தனி மாவட்டமானது. தாத்தாவின் பத்திரத்தில் கோயம்புத்தூர், அப்பாவின் டி.சி.யில் மைசூர், மகளின் ஆதாரில் சாமராஜநகர். வீடு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. கல்லூரி கவுண்டரில் இதை விளக்கிச் சொல்லவும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லித்தர வேண்டும். ராமாபுரம் என்றதும் மைசூர் ஹாஸ்டலில் முதலில் வருகிற பெயர் வீரப்பன். 1992 மே மாதம் எங்கள் போலீஸ் ஸ்டேஷனைத் தாக்கிக் காவலர்களைக் கொன்றது வீரப்பன் கும்பல். 2004இல் வீரப்பன் செத்தபோது இப்போது என் வகுப்பில் இருக்கிறவர்கள் பிறக்கவே இல்லை. இருந்தாலும் கேள்வி அவர்களிடம்தான் வரும். “கோவிச்சுக்காதே. எங்க ஸ்டேஷன்ல செத்தவங்களும் படிச்சு வேலைக்கு வந்த வீட்டுப் பிள்ளைங்கதான்னு சொல்லு” என்று அனுப்புகிறேன். அதற்குப் பிறகு பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடுகிறதாம்.

என்ன ஆகப் போகிறாய் என்ற கேள்வியை நான் கேட்பதில்லை. “நேத்து சாயங்காலம் என்ன பண்ணினே?” என்றுதான் ஆரம்பிப்பேன். மாடு பிடித்துக் கட்டினேன், தண்ணி எடுத்தேன், போன் பார்த்தேன் என்று வரும். போனில் என்ன? அங்கேதான் விஷயம் இருக்கிறது. ஒருவன் மோட்டார் காயில் கட்டுகிற வீடியோக்களையே வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தான். ரஃப் நோட்டின் கடைசிப் பக்கங்களையும் புரட்டுவேன். சாமிப் படம், கிரிக்கெட் ஸ்கோர், வீட்டுக் கடன் கணக்கு, பாதி எழுதிய பாட்டு எல்லாம் அங்கே கிடக்கும். விழா நாளில் மைக் செட் கரகரத்தால் யார் முதலில் ஓடுகிறான், ஒன்றாம் வகுப்புக் குழந்தை அழுதால் யாரிடம் போய் ஒட்டிக்கொள்கிறது என்பதெல்லாம் எனக்குக் கணக்கு.

இதில் ஒரு பொறி இருக்கிறது. வசதியான வீட்டுப் பிள்ளை ஒரு காரியத்தை நன்றாகச் செய்தால் அதில் அவனுக்கு நாட்டம் என்று பெரும்பாலும் நம்பலாம். எங்கள் பிள்ளைகள் விஷயத்தில் அப்படி நம்ப முடியாது. டிராக்டரை லாவகமாக ரிவர்ஸ் எடுக்கிற பதினைந்து வயதுக்காரனுக்கு வண்டி பிடிக்கும் என்று அர்த்தமில்லை, அப்பாவுக்கு இடுப்பு வலியாக இருக்கலாம். எட்டுப் பேருக்குச் சமைக்கிற பெண்ணைக் கேட்டரிங் படி என்று சொன்னால் அவள் உங்களை ஒரு பார்வை பார்ப்பாள். வேறுபாடு தெரிவது காரியம் கெட்டுப்போகும்போதுதான். கட்டாயத்தில் செய்கிறவன் விட்டது சனியன் என்று எழுந்து போய்விடுவான். நாட்டம் உள்ளவன் யாரும் சொல்லாமல் மறுபடி அதன் பக்கத்தில் போய் உட்காருவான். காயில் பையன் வீட்டு மோட்டாரை ஒரு தடவை எரித்தே விட்டான். அடி வாங்கிய கையோடு அதே மோட்டாரைத் திரும்பவும் பிரித்துக்கொண்டிருந்தான் என்று அவன் அம்மா என்னிடம் புகார் சொன்னாள். எனக்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் தேவைப்படவில்லை. கட்டம் போட்ட தாளில் ஆப்டிட்யூட் டெஸ்ட் வைப்பவர்களிடம் எனக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது. அந்தத் தாளில் உள்ள தொழில்களைக் குழந்தை எங்காவது பார்த்திருக்க வேண்டுமே.

ஆனால் கெட்டுப்போவதற்கு இடம் வேண்டும். இந்த வேலையின் கடினம் அங்கேதான் என்று இப்போது நினைக்கிறேன்.

மைசூரில் வாழ்ந்த தமிழர், எழுத்தாளர் ஆர்.கே. நாராயணை எடுத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தோற்றார். ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்து படித்தார், எழுதினார். 1926இல் தேறி மகாராஜா கல்லூரியில் சேர்ந்தார். மூன்று வருஷ பி.ஏ.வை முடிக்க நான்கு வருஷம் ஆனது. பிறகு வாத்தியார் வேலைக்குப் போய்ச் சீக்கிரமே விட்டுவிட்டு வந்தார். முதல் நாவல் 1935இல் வந்தது. தம்பி, கார்ட்டூனிஸ்ட் ஆர்.கே. லக்ஷ்மண் பம்பாய் ஜே.ஜே. ஓவியப் பள்ளிக்கு விண்ணப்பித்தார். திறமை போதாது என்று திருப்பி அனுப்பினார்கள். அவரும் மகாராஜா கல்லூரியில் பி.ஏ. படித்தபடி வரைந்துகொண்டே இருந்தார். மைசூரிலேயே பிறந்த கவிஞர் ஏ.கே. ராமானுஜன் கல்லூரி முதல் வருஷத்தில் சயின்ஸ் எடுத்தவர். உனக்குக் கணக்கு வராது, இங்கிலீஷுக்கு மாறு என்று மாற்றியவர் அவருடைய அப்பா. அந்த அப்பா மைசூர் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர்!

இந்தக் கதைகளை மேடையில் சொன்னால் கைதட்டல் கிடைக்கும், தோல்விதான் வெற்றிக்கு முதல் படி என்று முடித்துவிடலாம். எங்கள் டீக்கடையில் நான் நாராயண் கதையைச் சொன்னபோது ஒரு அப்பா சொன்ன பதில் வேறு. “அவங்க வூட்ல சோறு இருந்துச்சுங்க சாரு. தோத்தவன உக்கார வெச்சுச் சோறு போட்டாங்க.” சரியான வாசிப்பு. நாராயணின் அப்பா தலைமையாசிரியர், பள்ளி நூலகம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. தோற்ற பையன் அங்கே புத்தகம் எடுக்கலாம். எங்கள் ஊரில் ரிசல்ட் வந்து தோற்ற பையனைப் பெங்களூரு கட்டட வேலைக்கோ திருப்பூர் பனியன் கம்பெனிக்கோ யாராவது ஒரு மாமன் உடனே கூட்டிப்போய்விடுவான். முதல் மாதச் சம்பளம் வீட்டுக்கு வந்தபின் அந்தப் பையனைப் பெஞ்சுக்குத் திருப்புவது மிகவும் சிரமம். அதனால் என் தொழில் வழி காட்டுவது என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. நான் செய்வது ஒரு வருஷம் கடன் வாங்கித் தருவது. தோற்க, மாற்றிக்கொள்ள, திரும்பி வர.

அந்த வருஷம் எங்கே கிடைக்கும் என்று தெரிந்து வைத்திருப்பதுதான் இதில் கைத்திறன். 2024இல் கர்நாடகத்தில் எஸ்.எஸ்.எல்.சி.க்கு முதன்முதலாக ஒரே வருஷத்தில் தேர்வு 1, 2, 3 என்று வைத்தார்கள். முன்பும் மறுதேர்வு இருந்தது, ஆனால் அது தோற்றவர்களின் தேர்வு. இப்போது தேறியவனும் மார்க் போதவில்லை என்று எழுதுகிறான், தோற்றவன் அவன் பக்கத்திலேயே உட்காருகிறான், வெட்கம் குறைந்தது. ரிசல்ட் நாளில் நான் முதலில் போன் போடுவது பிள்ளைக்கு அல்ல, அந்த மாமன்களுக்கு. “ரெண்டு மாசம் பொறுங்க அண்ணா, அடுத்த பரீட்சை இருக்குது.” ரெண்டு மாசம் என்றால் பொறுப்பார்கள். ஒரு வருஷம் என்று கேட்டால் போன் கட் ஆகிவிடும்.

காயில் பையன் 625க்கு வாங்கிய மார்க்கை இங்கே சொல்லி அவனைச் சங்கடப்படுத்த வேண்டாம். அவன் அப்பா பி.யு.சி. (பிளஸ் டூ) சயின்ஸ் என்று நின்றார். ஐ.டி.ஐ. என்றால் ‘படிப்பு வராதவன் போற இடம்’ என்பது ஊர் வழக்கு. அவரிடம் நான் ஐ.டி.ஐ.யின் பெருமையைப் பேசவில்லை, கதவுகளை மட்டும் எண்ணிக் காட்டினேன். எலக்ட்ரீஷியன் டிரேடு இரண்டு வருஷம். முடித்தால் பாலிடெக்னிக் டிப்ளமாவில் நேராக இரண்டாம் வருஷம் சேரலாம். டிப்ளமா முடித்து டி.சி.இ.டி. நுழைவுத் தேர்வு எழுதினால் பி.இ.யிலும் நேராக இரண்டாம் வருஷம். ஒவ்வொரு படியிலும் இறங்கிச் சம்பாதிக்கலாம், முடிந்தால் திரும்ப ஏறலாம். பி.யு.சி. சயின்ஸில் நடுவில் இறங்கினால் கையில் ஒன்றும் இருக்காது. “பி.இ. வரைக்கும் போலாமுங்களா?” என்று மூன்று முறை கேட்டார். போகலாம் என்றேன், போவான் என்று சொல்லவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் நாக்கு புரண்டுவிடாமல் பார்த்துக்கொள்வது இந்த வேலையில் பெரிய ஒழுக்கம். தனியார் கல்லூரிகளுக்குப் பிள்ளை பிடிக்க வருகிறவர்கள் அதைக் கடைப்பிடிப்பதில்லை.

காகித விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்றிலிருந்து பத்து வரை கிராமத்தில் படித்தவர்களுக்கு சி.இ.டி. நுழைவுத் தேர்வில் 15 சதவீத ஒதுக்கீடு, கன்னட வழியில் படித்தவர்களுக்கு 5 சதவீதம் உண்டு. எங்கள் தமிழ் வீட்டுப் பிள்ளைகள் பலருக்கு இரண்டுமே பொருந்தும், அது அவர்களுக்கே தெரியாது. எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வில் தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருஷம் 12,000 ரூபாய். நாடகச்சேரி என்கிற வருவாய் அலுவலகத்தில் சாதி, வருமானச் சான்றிதழை ரிசல்ட்டுக்கு முன்பே வாங்கி வைத்துவிட வேண்டும்.

பெண் பிள்ளைகள் விஷயம் தனி. மேட்டூர்ப் பக்கம் இருக்கிற அத்தை மகளுக்கு அரசுப் பள்ளியில் படித்ததற்காகப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம், மருத்துவத்துக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. மாநில எல்லையான பாலாற்றுக்கு இந்தப் பக்கம் பிறந்த எங்கள் பெண்ணுக்கு அவை கிடையாது. இந்த ஒப்பீடு எல்லா வீட்டிலும் நடக்கும், நடக்கட்டும். ஆனால் 2023 ஜூன் 11இலிருந்து கர்நாடகத்துக்குள் சாதாரண அரசு பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. என் அனுபவத்தில், எங்கள் பெண்களின் படிப்பைப் பொறுத்தவரை, அதற்கு இணையாக வேறெதுவும் இல்லை. பஸ் காசு கேட்க வேண்டியிராத பெண்ணிடம் “காலேஜ் எதுக்கு” என்று சொல்ல அப்பாக்கள் வேறு காரணம் தேட வேண்டியிருக்கிறது. தேடுகிறார்கள்தான்.

பள்ளி டூர் என்றால் மைசூர், மைசூர் என்றால் அரண்மனை, ஜூ, சாமுண்டி மலை. நான் கூடப் போகும்போது பஸ்ஸைக் கொஞ்சம் சுற்றிவிடச் சொல்வேன். மானசகங்கோத்ரியில் 1965இல் தொடங்கிய பேச்சு, செவித்திறன் நிறுவனம் இருக்கிறது. நாட்டிலேயே பெயர் பெற்ற இடம். பக்கத்திலேயே 1969இல் வந்த இந்திய மொழிகள் மைய நிறுவனம். ஆசிரியர் ஆக வேண்டுமென்றால் பி.யு.சி. முடித்த கையோடு டிகிரியையும் பி.எட்.டையும் நான்கு வருஷத்தில் சேர்த்துத் தருகிற ரீஜனல் இன்ஸ்டிட்யூட். படம் வரைகிறவர்களுக்கு ‘காவா’ ஓவியக் கல்லூரி. வாசலில் இறங்கி நிற்போம், அவ்வளவுதான். உள்ளே விட்டால் உள்ளே. டிரைவர் முணுமுணுப்பார். பிள்ளைகளில் பலர் ஐஸ்கிரீம் எப்போது என்று கேட்பார்கள். ஆனால் டீச்சர், போலீஸ், நர்ஸ், டிரைவருக்கு வெளியே ஒரு வேலையைச் செய்கிற மனிதரை யாராவது ஒரு பிள்ளை கண்ணால் பார்த்துவிடும்.

போன முறை அப்படி ஒருத்தி. பேச்சு நிறுவனத்து வாசலில் ஒரு தாய் காதுக் கருவி மாட்டிய குழந்தையோடு காத்திருந்தாள். சேலத்துப் பக்கத்துத் தமிழ். அங்கே வேலை பார்த்த பெண்ணிடம் கன்னடம் தெரியாமல் திணறினாள். எங்கள் பெண் யாரையும் கேட்காமல் நடுவில் போய் நின்று இந்தப் பக்கம் தமிழும் அந்தப் பக்கம் கன்னடமுமாகப் பேசினாள். இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை, ராமாபுரத்தில் கடைக்குப் போகிற குழந்தைகூட அதைச் செய்யும். நான் கவனித்தது அதற்குப் பிறகு. குழந்தை பதில் சொல்லாதபோது அவள் கேள்வியைச் சத்தமாகச் சொல்லவில்லை. கீழே உட்கார்ந்து, தன் உதடு அதன் கண்ணுக்கு நேராக வரும்படி வைத்துக்கொண்டு மறுபடி சொன்னாள். அதுவும் பலிக்கவில்லை. இன்னொரு முறை சொன்னாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன். சித்தப்பா மகனுக்குப் பேச்சு வராது, வீட்டில் அவனோடு அப்படித்தான் பேசுவாளாம்.

அந்த நிறுவனத்துப் பேச்சு, செவித்திறன் பட்டப்படிப்பு பி.யு.சி. சயின்ஸுக்குப் பிறகு நான்கு வருஷம், கடைசி வருஷம் பயிற்சி. அவளுக்குக் கணக்கு பரவாயில்லை, உயிரியல் நன்றாக வரும். கொள்ளேகாலில் தங்கி பி.யு.சி. படிக்க, பிற்படுத்தப்பட்டோருக்கான பி.சி.எம். ஹாஸ்டல் வேண்டும். அவள் அப்பாவிடம் மூன்று தவணையாகப் பேசிவிட்டேன். காது கேக்காதவங்களுக்கு டாக்டரா என்று கேட்டார். டாக்டர் இல்லை என்றேன். நர்ஸா என்றார். அதுவும் இல்லை. “அப்ப என்னன்னு சொல்லிப் பொண்ணைக் கட்டிக் குடுக்கறதுங்க?” நியாயமான கேள்விதான், ஊருக்குள் சொல்ல ஒரு பேர் வேண்டுமே. ஹாஸ்டலுக்கு இன்னும் சரி என்று சொல்லவில்லை. நேற்று நாடகச்சேரிக்குப் போய் வருமானச் சான்றிதழை மட்டும் வாங்கி வந்து, மகளிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார்.