வீட்டுக்கு விலை கூறும்போது

மனிதன் தன் வாழ்நாளில் பேசும் பேரங்களுள் பெரியது வீட்டுப் பேரம். சந்தையில் கத்தரிக்காய்க்கு ஐந்து ரூபாய் குறைக்கச் சொல்லி வாதாடுகின்றவரே, வீடு என்று வரும்போது ஓரிலட்சத்தை ஒரே மூச்சில் கூட்டிச் சொல்லிவிடுகின்றார். அவரை அவ்வாறு சொல்லச் செய்வது ஆசையன்று, அச்சமே. ‘இன்று மாலைக்குள் முடிவு சொல்லாவிட்டால் வேறொருவர் முடித்துவிடுவார்’ என்னும் தரகரின் ஒரு சொல், பல்லாண்டுச் சேமிப்பை வெளியே இழுத்துவிடுகின்றது. வாங்குவோர் பலராகவும் வீடு ஒன்றாகவும் இருக்கும் இக்காலத்தில், வீடும் கைகூட வேண்டும், ஹலாலும் வழுவாதிருக்க வேண்டும் என்று எண்ணும் குடும்பத்தார் செய்யத்தக்கது யாது?

என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் கொல்லிமலையில் மிளகும் காப்பியும் கொள்முதல் செய்து கீழே கொணர்ந்து விற்று வருகின்றார். எழுபது கொண்டை ஊசி வளைவுகளை ஓயாது ஏறி இறங்கி அலுத்தவர், திருப்புலி நாட்டில் ஒரு வீடு விலைக்கு வருவதாகக் கேள்வியுற்றார். சிறிய ஓட்டு வீடு. சுற்றிலும் மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்கள். தங்கும் விடுதி கட்ட எண்ணி வெளியூரார் மூவர் அதற்குள் விலை கூறியிருந்தனர். மனைவியின் நகைகளையும் சேர்த்துக் கணக்கிட்டுக் கொண்டு வந்து, “ஹஜ்ரத், எவ்வளவு கேட்டால் நமக்குக் கிடைக்கும்? நீங்கள்தான் சொல்லவேண்டும்” என்றார்.

“தம்பி, எவ்வளவு என்பது இரண்டாவது கேள்வி. விற்கின்றவருக்கு விற்கும் உரிமை உண்டா என்பதல்லவா முதற் கேள்வி?” என்றேன்.

தம்மிடம் இல்லாததை விற்கலாகாது என்று ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்களுக்குப் பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். கொல்லிமலையில் தலைமுறை தலைமுறையாக நிலத்தோடு வாழ்பவர்கள் பட்டியல் பழங்குடியினராகிய மலையாளி மக்கள். அரசு ஒப்படைத்த நிலமாயின் பட்டாவில் நிபந்தனை இருக்கும். அதனை மீறி வெளியார் பெயருக்குக் கிரயம் எழுதினால், ஒப்படைப்பையே இரத்து செய்து நிலத்தை அரசு மீட்டுக்கொள்ள இடமுண்டு. வாங்கியவருக்குப் பணமும் போகும். விற்ற ஏழைக்கு நிலமும் போகும். வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரித்தபோது அது நிபந்தனைப் பட்டா என்பது தெளிவாயிற்று. மாணவர் மனவருத்தத்தோடு விலகினார். கேட்பவர் பலர் என்பதனால் பத்திரத்தின் குறை நீங்கிவிடாது அன்றோ?

போட்டியே கூடாது என்று மார்க்கம் கூறவில்லை. அன்ஸாரித் தோழர் ஒருவரின் விரிப்பையும் கிண்ணத்தையும் பெருமானார் (ஸல்) அவர்களே ஏலம் கூறினார்கள். ஒருவர் ஒரு திர்ஹம் என்றார். ‘கூட்டித் தருவார் யார்’ என்று வினவ, இன்னொருவர் இரண்டு திர்ஹம் தந்து பெற்றுக்கொண்டார். ஆகவே விற்பவர் இன்னும் இசையாத நிலையில் விலையைக் கூட்டுவது ஆகுமானதே. ஆனால் இரண்டு வாயில்களை நம் மார்க்கம் அடைத்துவிட்டது. வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றிவிடுவதற்காகவே கூட்டிக் கேட்பது ‘நஜ்ஷ்’; அது ஹராம். இருவர் பேசி இசைந்தபின் நடுவே புகுந்து, ‘எனக்குக் கொடுங்கள், கூடுதலாகத் தருகின்றேன்’ என்பதும் தடுக்கப்பட்டது. இல்லாத ஓர் ஆளைக் காட்டி விலையேற்றும் தரகரும், முடிந்த பேரத்தைக் கலைக்கும் செல்வரும் இவ்விரு தடைகளையும் சிந்திப்பார்களாக.

அவ்வாறாயின், அதிகம் கொடுக்க இயலாதவர் வெல்வது எங்ஙனம்? ஸஹீஹுல் புகாரியில் வீடு வாங்கும் பேரம் ஒன்று பதிவாகியுள்ளது. அபூராஃபிஉ (ரலி) அவர்கள், ஸஅது இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களின் மனைப்பகுதியில் இருந்த தம்முடைய இரு இல்லங்களையும் வாங்கிக்கொள்ளுமாறு அவரையே கேட்டார்கள். ஸஅது (ரலி) அவர்களோ, நாலாயிரத்துக்கு மேல் தருவதற்கில்லை, அதனையும் தவணைகளிலேயே தர இயலும் என்று வெளிப்படையாகக் கூறிவிட்டார்கள். வேறொருவர் ஐந்நூறு தீனார் கூறியிருந்தார். ஜகாத்தின் நிஸாபுக் கணக்கில் ஒரு தீனார் பத்துத் திர்ஹமுக்கு ஈடாகும். அவ்வகையில் அது ஐயாயிரம் திர்ஹம். இருந்தும் அண்டை வீட்டாரின் உரிமை பற்றிய நபிமொழியை நினைவுகூர்ந்து, குறைந்த விலைக்கே அபூராஃபிஉ (ரலி) அவர்கள் கொடுத்துவிட்டார்கள். விலையன்றி வேறொன்றும் விற்பவரின் உள்ளத்தை அசைக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ!

மலைவீட்டைக் கைவிட்ட மாணவர், பின்னர் அடிவாரத்து ஊர் ஒன்றில் பள்ளிவாசலுக்கு அருகே ஒரு வீட்டுக்கு விலை கூறினார். முப்பதாண்டு வில்லங்கச் சான்றும், மூலப் பத்திரங்களும், பட்டாவும் முன்கூட்டியே பார்த்தாயிற்று. அப்பகுதியில் அண்மையில் நடந்த கிரயங்களை விசாரித்துத் தம்மால் இயன்ற உச்சத் தொகையை வீட்டாரோடு அமர்ந்து முடிவு செய்தார். எவர் என்ன சொன்னாலும் அதனைத் தாண்டுவதில்லை என்பது உறுதி. அதன்பின் ஒரே தாளில் விலை, முன்பணம், மீதித் தொகை தரும் நாள், பதிவு நாள் ஆகியவற்றை எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கார அம்மையார் கணவரை இழந்தவர். பேரனின் தேர்வு முடியும்வரை அங்கேயே இருக்க விரும்பினார். “வாடகையின்றி இருங்கள் அம்மா” என்று அதனையும் அத்தாளிலேயே எழுதினார். மறுநாள் வேறொருவர் ஐம்பதாயிரம் கூட்டிக் கேட்டார். அம்மையார் அசையவில்லை, “சொன்ன சொல் சொன்னதுதான்” என்றுவிட்டார்.

சொல்லின் உறுதி போற்றத்தக்கதே. எனினும் எழுத்தும் இன்றியமையாதது. குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதி வைப்பது குறித்தே பேசுகின்றது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி, விற்பதற்கான ஒப்பந்தம் மட்டுமே சொத்தில் உரிமையை உண்டாக்காது. பதிவு செய்த கிரயப் பத்திரமே உண்டாக்கும். தமிழகத்தில் 2012 டிசம்பர் முதல் அவ்வொப்பந்தத்தையும் பதிவு செய்தல் கட்டாயம். முன்பணம் ரூ.20,000 அல்லது அதற்கு மேலாயின் ரொக்கமாகக் கைமாறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கின்றது. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என நூற்றுக்கு 9 ரூபாய் தனியே வேண்டும். 40 இலட்ச ரூபாய் வீட்டுக்கு அதுவே 3,60,000 ஆகும். இதனை ஒதுக்கிவிட்டே விலை கூறவேண்டும். அச்சாரப் பணத்தை, பேரம் முறிந்தால் விற்பவர் வைத்துக்கொள்ளலாம் என்னும் நிபந்தனையை ஹனஃபி, ஷாஃபிஈ இமாம்கள் ஏற்கவில்லை. ஹன்பலி மத்ஹபில் இடமுண்டு. எனவே அதனையும் முதலிலேயே பேசித் தெளிதல் நலம்.

அண்டை வீட்டாரையும் மறத்தலாகாது. முன்வாங்குரிமையாகிய ‘ஷுஃப்ஆ’ ஹனஃபி மத்ஹபில் அண்டை வீட்டாருக்கும், ஷாஃபிஈ மத்ஹபில் கூட்டுப் பங்காளிக்கு மட்டும் உண்டு. சென்னை உயர்நீதிமன்றம் 1870இலேயே இவ்வுரிமை இம்மாநிலத்தில் செல்லாது என்று தீர்த்துவிட்டது. நீதிமன்றம் விட்டாலும் ஒழுக்கம் விடுமோ? வாங்குமுன் அண்டை வீட்டாரிடம் ஒரு சொல் கேட்டால், பின்னாளில் சுவர் ஓரத்துச் சச்சரவு எழாது.

அன்பர்களே! தொகையில் பிறர் நம்மை விஞ்சலாம். தெளிவிலும், ஆயத்தத்திலும், விற்பவரின் தேவையை அறிந்து நடக்கும் பண்பிலும் எவரும் நம்மை விஞ்ச இடந்தர வேண்டியதில்லை. அவற்றோடு முயன்ற பின்னும் ஒரு வீடு கைநழுவினால், கடனில் மூழ்காமல் தப்பினோம் என்று அல்லாஹ்வைப் புகழ்ந்து அடுத்த வீட்டைப் பார்ப்போம். பரக்கத்து நிறைந்த இல்லங்களை நம் அனைவருக்கும் அவன் அருள்வானாக! ஆமீன்.