இழுவை

2005இல் வெளிவந்த 'தி வேர்ல்ட்ஸ் ஃபாஸ்டஸ்ட் இந்தியன்' படத்தைச் சகோதரர் இருவரும் சேர்ந்தே பார்த்தோம். நியூசிலாந்தின் பர்ட் மன்றோ, 1920ஆம் ஆண்டு தயாரிப்பான தமது இந்தியன் ஸ்கவுட்டை நாற்பது ஆண்டுகள் செதுக்கிச் செதுக்கி, 1967இல் அமெரிக்காவின் பான்வில் உப்புவெளியில் ஓட்டிச் சாதனை படைத்தவர். பிஸ்டனைக்கூடக் கொட்டகையிலேயே வார்த்துக்கொண்டவர். சிதைந்த பாகங்களை அலமாரியில் அடுக்கி, வேகக் கடவுளுக்குக் காணிக்கை என்று எழுதிவைத்திருந்தார். அந்தக் காட்சியின்போது நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டு அலமாரியிலும் அப்படியொரு பொருள் இருக்கிறது. ஆனால் அது அப்பாவுடையது.

1991இல் சேலத்து வீட்டில் ஒரு யமஹா ஆர்.எக்ஸ். 100 நின்றிருந்தது. 98 சி.சி., 11 குதிரைத்திறன், நூறு கிலோவை ஒட்டிய எடை. அப்பா ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில் கணக்கெழுதி வந்தார். சனிக்கிழமைகளில் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு அந்த இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் அதிலேயே ஏறுவார். எங்களுக்கோ அந்த வண்டி மலைக்கானதாகத் தோன்றவில்லை.

அப்பா ஒரு வாரம் கோவைக்குப் போயிருந்தார். சோழவரம் பந்தயங்களைக் கண்டு வந்தவர் என்பதாலேயே எங்கள் கண்ணுக்கு முனிவராகத் தெரிந்த ஒரு லேத் பட்டறைக்காரரிடம் சிலிண்டரைக் கழற்றிக்கொண்டு போனோம். இவ்வகை இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் புகை வெளியேறும் துளையைத் திறப்பதும் மூடுவதும் பிஸ்டனே. துளையின் மேல்விளிம்பைச் சற்று உயர்த்தி அராவினால் அது முன்கூட்டியே திறக்கும். உச்சச் சுழற்சியில் எஞ்சின் தாராளமாக மூச்சுவிடும். சிலிண்டர் ஹெட்டையும் சீவிக்கொடுத்தார். கார்புரேட்டரில் பெரிய மெயின் ஜெட் பொருத்தினோம். சைலன்சரின் உட்குழலை உருவியதும் வேகம் கூடியதாகச் சத்தியம் செய்தோம். கூடியது சத்தம் மட்டுமே. அப்பாவின் செவிக்கு அஞ்சி அதை அன்றே திரும்ப மாட்டிவிட்டோம்.

ஓமலூர்ச் சாலையில் நூறில் நின்றுவிடும் முள் நூற்றேழைத் தொட்டது. அவ்வளவுதான். வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு கூட்டுவதற்கே காற்றை எதிர்க்க மூன்றில் ஒரு பங்கு கூடுதல் திறன் வேண்டும் என்ற கணக்கைப் பின்னாளில்தான் படித்தோம். அன்று அந்த ஏழு எங்களுக்கு எழுபது. பிரேக்குகள் பழைய டிரம் பிரேக்குகளாகவே இருந்தன என்பது நினைவுக்கே வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை மாலை அப்பா வழக்கத்துக்கு மாறாக இருட்டிய பிறகே வந்தார். அம்மாவின் செருப்பு வார் அறுந்திருந்தது. வளைவுகளில் வேகம் குறைந்ததும் எஞ்சின் திணறித் திணறி நின்றிருக்கிறது. கிளட்சைப் பாதி பிடித்தபடியே உறுமவிட்டு அப்பா முன்னே ஏற, பல வளைவுகளை அம்மா நடந்தே கடந்திருக்கிறார். முழங்கால் வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த அவரை அப்பா ஒரு கணம் பார்த்தார். பிறகு எங்களிடம் கேட்டார்: "வண்டி நல்லாத்தான் ஓடுது. இழுவை மட்டும் எங்கடா போச்சு?"

அது எங்கே போயிற்று என்பது எங்களுக்குத் தெரியும். துளை சீக்கிரம் திறந்துகொண்டால் குறைந்த சுழற்சியில் எரிவாயு முழுதாய் உந்துவதற்குள்ளேயே வெளியேறிவிடும். பட்டறைக்காரர் எச்சரிக்கத்தான் செய்தார். மேலே சேர்ப்பதைக் கீழேதான் எடுக்க வேண்டும் என்றார். கீழே யார் இருக்கிறார்கள் என்று நாங்கள் யோசிக்கவில்லை.

அராவிய உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. பழைய இரும்புக் கடையில் வேறொரு சிலிண்டரும் ஹெட்டும் தேடிப் பிடிக்க எங்கள் இருவரின் சேமிப்பும் கரைந்தது. பாக்கித் தொகையை அப்பாவே கொடுத்தார், எதற்கென்று கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. பழைய சிலிண்டரைத் துடைத்து எடுத்துவைத்துக்கொண்டவர் அவர்தான். ஓய்வு பெறும்வரை தோட்டத்துப் பற்றுச்சீட்டுகள் பறக்காமலிருக்க அதையே மேலே வைத்திருந்தார்.