ரவுட்டர் பிடியும் எலும்புக் கட்டும்: ஒரு த்ரெட்

1. இன்னைக்கு சுகர், பிரஷர் இல்லை. வில்லியனூர்ல எங்க வீட்டுத் தகரக் கொட்டகையில நடந்த கதை. கடைசியில உங்க எல்லாருக்கும் தேவைப்படுற ஒரு விஷயம் இருக்கு, அதுவரைக்கும் கூட வாங்க.

2. எங்கிட்ட 3018-னு சொல்ற சின்ன சி.என்.சி. மெஷின் இருக்கு. மேசை 300 மி.மீ.க்கு 180 மி.மீ., அதான் அந்தப் பேரு. கம்ப்யூட்டர் சொல்ற பாதையில கத்தி நகர்ந்து மரத்தைக் குடையும். பக்கவாதம் வந்தவங்க விரலுக்குப் பயிற்சி கொடுக்க, குச்சி செருகி எடுக்குற பலகை செய்யலாம்னு வாங்கினேன்.

3. கூட வந்த 775 மோட்டார் வேப்பம்பலகையில திணறுச்சு. சரி, ஆசாரிங்க கையில பிடிச்சு ஓட்டுற டிரிம்மர் ரவுட்டரை மாட்டலாம்னு பார்த்தா, மெஷின்ல இருக்குற வளையம் 45 மி.மீ., ரவுட்டர் உடம்பு 65 மி.மீ. தனியா ஒரு பிடி செஞ்சே ஆகணும். 3டி பிரிண்டர்ல பி.எல்.ஏ. பிளாஸ்டிக்ல ஒண்ணு அடிச்சு மாட்டினேன்.

4. மே மாசம், தகரக் கூரை, போதாததுக்கு ரவுட்டர் கக்குற சூடு. பி.எல்.ஏ. 60 டிகிரி பக்கம் போனாலே இளகிடும். பிடி இளகி, ரவுட்டர் சரிஞ்சு, கத்தி பலகையில குத்தி முறிஞ்சுது. தெறிச்ச துண்டு என் மூக்குக் கண்ணாடியில பட்டுச்சு. பாதுகாப்புக் கண்ணாடி? அது மேசை மேல பத்திரமா இருந்துச்சு. கண்ணுல இரும்புத் துகளோட வர்றவங்களை "கண்ணாடி போட மாட்டீங்களா?"னு திட்டுற அதே டாக்டர்தான் நான்.

5. பாகூர் பக்கத்துலேர்ந்து சுகர் பார்க்க வர்ற ஆசாரி ஒருத்தர். வலது ஆள்காட்டி விரல் பாதிதான் இருக்கும். அவர்கிட்ட போட்டோவைக் காட்டினேன். "என்னா டாக்டரே, மேல ஒரே எடத்துல புடிச்சா ஆடாதா? கத்திக்குக் கிட்ட ஒண்ணு, மேல ஒண்ணு, ரெண்டு புடி போடுங்க"ன்னாரு.

6. எனக்கு வெட்கமாப் போச்சு. நாங்க படிச்ச பாடம்தான் இது. கால் எலும்பு நொறுங்கினா வெளியில கம்பி மாட்டி நிறுத்துவோம், பார்த்திருப்பீங்க. எலும்புத் துண்டுல ஆணிகளை எவ்வளவு தள்ளித் தள்ளிப் போடுறோமோ, வெளிக்கம்பி எலும்புக்கு எவ்வளவு கிட்ட இருக்கோ, அவ்வளவு உறுதி. ஒரு முனையை மட்டும் பிடிச்ச கம்பியோட நீளம் இரண்டு மடங்கானா, அதே விசைக்கு வளைவு எட்டு மடங்கு ஆகும்.

7. அடுத்த ஞாயிறு அவரே வந்துட்டாரு. 18 மி.மீ. பிளைவுட்ல ரெண்டு துண்டு. ரெண்டையும் ஒண்ணா சேர்த்து வச்சு ஓட்டை போட்டோம், அப்பதான் நேர்கோட்டுல நிக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு ரவுட்டர் சிக்குனு உட்காரும்படி செஞ்சோம். ஒரு பக்கம் கீறி விட்டு, கீறலுக்குக் குறுக்கே போல்ட். போல்ட்டை முறுக்கினா வளையம் கவ்விக்கும்.

8. எவ்வளவு முறுக்கணும்? மாவுக்கட்டு மாதிரிதான். தளர்ந்தா எலும்பு நகரும். அளவுக்கு மீறி இறுகினா ரத்த ஓட்டம் நின்னு காலே போயிடும். ரவுட்டருக்கும் அதிகமா இறுக்கினா உடம்பு நசுங்கும், பேரிங் பாதிக்கும். "நம்ம திருக்காமீஸ்வரர் கோயில் தேருக்கு முட்டுக்கட்டை போடுறவங்களைப் பாருங்க. எவ்வளவு போடணுமோ அவ்வளவுதான் போடுவாங்க"ன்னாரு ஆசாரி.

9. பிளக்கைப் பிடுங்கிட்டு, கத்தி இருக்குற இடத்துல வளைச்ச கம்பியை மாட்டிக் கையால சுத்தினோம். நாலு திசையிலயும் பலகைக்கும் கம்பி நுனிக்கும் ஒரே இடைவெளி இருக்கணும். குறைஞ்ச பக்கம் பிடிக்குப் பின்னால காகிதம் செருகினோம். ஜெராக்ஸ் பேப்பர் ஒண்ணு ஏறக்குறைய 0.1 மி.மீ.

10. டீ குடிக்கும்போது விரலைப் பத்திக் கேட்டேன். "ரவுட்டர்தான் டாக்டரே. துண்டான விரலை ஐஸ்ல போட்டு எடுத்துக்கிட்டு ஓடினோம். பெரிய ஆஸ்பத்திரியில, வெறைச்சுப் போச்சு, ஒட்ட முடியாதுன்னுட்டாங்க. நல்லதுன்னு நெனச்சுத்தான் போட்டோம்."

11. இதுக்காகத்தான் இந்த த்ரெட். விரல் துண்டானா: காயத்தைச் சுத்தமான துணியால அழுத்திப் பிடிச்சு, கையை உயர்த்தி வைங்க. துண்டை நல்ல தண்ணியில லேசா அலசி, ஈரத்துணியில சுத்தி, பிளாஸ்டிக் கவர்ல போட்டு வாயைக் கட்டுங்க. அந்தக் கவரை ஐஸ் போட்ட தண்ணியில வைங்க. விரல் மேல ஐஸ் நேரா படவே கூடாது. தாமதிக்காம கிளம்புங்க.

12. இன்னும் மூணு. ஒண்ணு, சுத்துற மெஷின் பக்கத்துல கையுறை வேண்டாம், கையையே இழுத்துடும். ரெண்டு, கண்ணாடி கட்டாயம். மூணு, என்95 மாஸ்க். உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995-லயே மரத்தூளைப் புற்றுநோய்க் காரணியா உறுதி செஞ்சாச்சு.

13. பலகை தயார். முதல் குச்சியைச் செருகிப் பார்த்தது ஆசாரிதான், அந்தப் பாதி விரலாலயே. தச்சு வேலை செய்யுற யாராவது உங்க வீட்டுல இருந்தா 11-ஐ மட்டுமாவது வாசிச்சுக் காட்டுங்க.