வாசலுக்கு வெளியே

மதில் சுவருக்கும் தார் ரோட்டுக்கும் நடுவே ஆறடி மண் கிடக்கிறதே, அது விசித்திரமான பூமி. பூந்தொட்டி வைக்கும்போது அது நம்முடையது. குப்பை சேரும்போது கார்ப்பரேஷனுடையது!

சென்னையில் நாம் வீடு கட்டியபோது தெரு மட்டத்துக்கு மேல் மூன்றடி உயர்த்திக் கட்டினோம். கார் உள்ளே ஏற வேண்டாமா? "கவலைப்படாதீங்க ஸார், வாசல்லே ஒரு சறுக்குப் போட்டுடலாம்" என்றார் மேஸ்திரி. மதிலிலிருந்து ரோடு வரையில் நடைபாதையை மூடிக்கொண்டு சிமெண்டுச் சறுக்கு எழுந்தது. பக்கத்தில் குரோட்டன்ஸ் செடிகளுக்குக் கம்பி வேலி. மழைநீர்க் கால்வாயின் வாய் சறுக்குக்கு அடியில் மறைந்தது. யாரும் ஆட்சேபிக்கவில்லை. தெரு முழுவதும் அதே கைங்கரியந்தானே!

எதிர் வீட்டுப் பாட்டி தினமும் கோயிலுக்குப் போகையில் நடு ரோட்டில் நடப்பதைக் கண்டு, "மோட்டார்கள் வருகின்றனவே, பாட்டி! ஓரமாக நடக்கக் கூடாதா?" என்று ஒரு நாள் புத்தி சொன்னோம். "ஓரத்திலேதான் உன் வீடு வந்து உட்கார்ந்திருக்கிறதே, அப்பா!" என்றார் பாட்டி. சிரித்து மழுப்பினோம்.

2015-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்துப் பெருமழை சிரிப்பை அடக்கிவிட்டது. அம்மழைக்கு நமது சறுக்கு காரணமல்ல. ஆயினும் மழை விட்ட பிறகும் நமது தெருவில் மட்டும் நீர் வடியவில்லை. கால்வாயின் வாய் எங்கே என்று ஆட்கள் தேடினார்கள். பாட்டியின் தாழ்ந்த வீட்டுக்குள் முழங்கால் அளவு ஜலம். இரண்டு இரவுகள் அவர் நமது கூடத்தில் படுத்திருந்தார். "உன் வீடு நல்ல உயரம், அப்பா" என்றார். அதில் குத்தல் ஏதும் இல்லை. அதனாலேயே நமக்குத் தூக்கம் வரவில்லை.

1985-ஆம் வருஷத்தில், பம்பாய் நடைபாதைவாசிகளின் வழக்கில், பிழைப்பும் உயிர்வாழும் உரிமையைச் சேர்ந்ததே என்று சுப்ரீம் கோர்ட் ஒப்புக்கொண்டது. ஆனாலும் நடைபாதை நடப்பவர்களுக்கே என்றும் தீர்ப்பளித்தது. குந்த இடமில்லாத ஏழை போட்ட குடிசைக்கு 'ஆக்கிரமிப்பு' என்று பெயர். சொந்த மனையும் மதிலும் உள்ள நாம் செய்ததற்கு என்ன பெயர்?

தண்ணீர் வடிந்த மறு வாரம் சறுக்கை உடைத்தோம். மதிலுக்குள்ளேயே சரிவு அமைத்தோம். ஆசையாக வளர்த்த ரோஜாப் பாத்தி போயிற்று. வேலியும் போயிற்று. இப்போது வருஷந்தோறும் ஐப்பசி பிறக்குமுன் கால்வாயின் வாயில் சேரும் சருகையும் மண்ணையும் வாரி வைக்கிறோம். அடைப்பு உள்ளே இருந்தால் கார்ப்பரேஷனுக்கு எழுதுகிறோம். அது அவர்கள் வேலை. வாயை மூடாதிருப்பது நம் வேலை.

நமது தாய்மார்கள் விடியற்காலையில் பெருக்கி, சாணம் தெளித்து, கோலம் போட்டதெல்லாம் தெருவின் நிலத்தில்தான். அதற்கு யாரும் பட்டா கேட்டதில்லை. அதன்மேல் யாரும் நடக்கக் கூடாதென்று வேலி கட்டியதும் இல்லை.

பாட்டி இப்போது ஓரமாகவே கோயிலுக்குப் போகிறார். ஆனால் நமது வாசல் வரைதான். அடுத்த வீட்டுச் சறுக்கு வந்ததும் மறுபடி ரோட்டில் இறங்குகிறார். நேயர்களே, அந்த அடுத்த வீடு உங்களுடையதாக இருக்குமோ?