புல்லட்டுக்கு ஒரு பார்-பிரீஸ்

போன வருடம் இடது கண்ணில் புரை அறுவை சிகிச்சை ஆயிற்று. "காற்று, தூசி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார் டாக்டர். என் மகனுக்கு அது போதுமானதாக இருந்தது. "அப்பா, புல்லட்டை வித்துடலாம்" என்றான்.

1979-இல் வாங்கிய வண்டி. காரைக்காலுக்கு என்னை மாற்றியிருந்த காலத்தில், சனிக்கிழமை வேலை முடிந்ததும் தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று சுமார் 130 கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு புதுச்சேரி வந்து சேர்வேன். இப்போதும் வருடத்துக்கு இரண்டு முறை காரைக்காலில் இருக்கும் அக்காவைப் பார்க்க நானும் என் மனைவியும் அதில்தான் போகிறோம். முழுமுகம் மூடும் ஹெல்மெட் போட்டால் எனக்கு மூச்சு முட்டும். ஆகவே முன்னால் கண்ணாடி போடுவது என்று முடிவு செய்தேன்.

பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் எனக்கு அது எப்போதும் பார்-பிரீஸ்தான். பிரீஸ் என்றால் இளங்காற்று. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் மூஞ்சியில் அறைவதை இளங்காற்று என்று எந்த மகானுபாவன் சொன்னானோ!

மெக்கானிக் தம்பி முதலில் செல்போனில் முழு ஃபேரிங் படங்களைக் காட்டினான். அழகுதான். பிஎம்டபிள்யூகாரர்கள் 1976-இல் ஆர்100ஆர்எஸ் வண்டிக்கு இத்தாலியில் பினின்ஃபரினாவின் காற்றுச் சுரங்கத்தில் சோதித்துச் செய்தார்களே, அந்த மாதிரி. ஆனால் அது ஜெர்மனியின் குளிருக்கு. நம் ஊர் மே மாதத்தில் அதை மாட்டினால் எஞ்சின் சூடு முழங்காலில் வந்து நிற்கும். காற்றில் ஆறுகிற எஞ்சினுக்கு முன்னால் மறைப்பு வைப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. ஹேண்டில்பாரோடு சேர்ந்து திரும்பும் ஃபேரிங் என்றால் இன்னொரு தொல்லை: கொள்ளிடம் பாலத்தில் பக்கவாட்டுக் காற்று அடித்தால் அது நேரே ஸ்டியரிங்கில்தான் தெரியும். கோப்பில் 'நிராகரிக்கலாம்' என்று எழுதினேன், மனதுக்குள்.

சாதாரணக் கண்ணாடியிலும் இரண்டு சாதி உண்டு. அக்ரிலிக்கில் கீறல் சீக்கிரம் விழாது, ஆனால் அடிபட்டால் விரிந்துவிடும். பாலிகார்பனேட் உடையாது, ஆனால் காய்ந்த துணியால் துடைத்தாலே கோடு விழும். பெட்ரோல் சிந்தினாலும் கெட்டுப்போகும். கல் தெறிக்கிற ரோட்டை நினைத்துப் பாலிகார்பனேட்டையே எடுத்தேன். உயரம்தான் முக்கியம். மேல் விளிம்பு மூக்கு மட்டத்தில் இருக்க வேண்டும். பார்வை அதன் மேலாகப் போக வேண்டும். கண்ணாடி வழியாகப் பார்த்து ஓட்டினால் மழை ராத்திரியில் எதிர் வண்டி விளக்கு அத்தனையும் பூப்பூவாகச் சிதறும். தம்பி என்னை வண்டியில் உட்கார வைத்து, டேப் பிடித்து அளந்து மாட்டினான்.

சிதம்பரம் வரை ஒரு சோதனைப் பயணம். எனக்குக் கண்ணில் ஒரு சொட்டு நீர் வரவில்லை. சாதித்துவிட்ட பெருமையோடு திரும்பிப் பார்த்தால், அவள் கண் இரண்டும் செக்கச்செவேல். முந்தானையால் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

"ஏன் சொல்லல?"

"உங்களுக்கு நல்லா இருக்குன்னு நினைச்சேன்."

இத்தனை வருடமும் என் முதுகுதான் அவளுக்குப் பார்-பிரீஸ். இப்போது கண்ணாடிக்கு மேலே ஏறிய காற்று என்னைத் தாண்டிச் சுருண்டு அவள் முகத்தில் விழுகிறது. அளவெடுக்கும்போது பின்சீட்டில் ஒரு ஆள் உட்கார வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, தம்பிக்கும் தோன்றவில்லை.

மறுநாள் தம்பியை ஓட்டச் சொல்லி நான் பின்னால் ஏறினேன். என் சொந்த வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. கால் வைக்கிற இடம், ஒவ்வொரு குழியிலும் முதுகெலும்பு எழுப்புகிற சத்தம்... அதெல்லாம் தனிக்கதை. காற்று அவள் சொன்னபடியே இருந்தது. சொல்லாததும் இருந்தது.

தம்பி கண்ணாடியைச் சற்றுப் பின்னால் சாய்த்தான். கீழே ஹெட்லைட்டுக்கு மேல் இரண்டு விரல் இடைவெளி விட்டான். அந்த வழியாகக் கொஞ்சம் காற்று உள்ளே வந்தால் பின்பக்கச் சுழல் குறையும் என்றான். நாலு தடவை மாற்றி மாற்றி வைத்து, நாலு தடவையும் நான் பின்சீட்டில் போய் வந்தேன். பின்சீட்டுக்குப் புதிய ஸ்பாஞ்சும் போட்டாயிற்று.

தை மாதம் காரைக்கால் போனோம். கொள்ளிடம் பாலத்தில் பின்னாலிருந்து குரல் கேட்டது, தெளிவாக. "கொஞ்சம் மெதுவாப் போங்களேன்."

"இத்தனை வருஷமா இதையேதான் சொல்லிக்கிட்டு வந்தியா?" என்று கேட்டேன்.

அதற்குப் பதில் வரவில்லை. சீர்காழியில் காபி குடிக்க நிறுத்தச் சொன்னாள்.